மாடியில் கோடு போட்ட ஞாயிறு

சோலார் போட முடிவெடுத்ததும் நான் முதலில் விலை விசாரிக்கவில்லை. மார்கழியில் ஒரு ஞாயிறு முழுக்கச் சாக்பீஸோடு மொட்டை மாடியில் இருந்தேன். சூரியன் தெற்கே சாய்ந்து, நிழல் நீளும் மாதம் அது. காலை 9 முதல் பிற்பகல் 3 வரை, தண்ணீர்த் தொட்டியும் பக்கத்து வீட்டுத் தென்னையும் விழச்செய்த நிழலைச் சுற்றி மணிக்கொரு முறை கோடு போட்டேன். ஒரு பேனலில் விழும் சிறு நிழல்கூட அந்த வரிசையின் உற்பத்தியையே குறைத்துவிடும்.

கோடு படாத இடம் 350 சதுர அடி. கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். ஆக, 3 கிலோவாட். தமிழ்நாட்டு வெயிலுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 12 யூனிட் எதிர்பார்க்கலாம்.

அம்மா வடாம் காயவைத்த அதே வெயில்தான். வீணாக்காதீர்கள். முதலில் உங்கள் மாடியின் நிழலை அளந்து பாருங்கள்.