சொந்தக்காரர் இல்லாத சொத்து

சங்கம் என்று யாராவது பேச்செடுத்தாலே எனக்குச் சற்றுக் கலக்கம்தான். என் வயதில் உள்ள எந்த எழுத்தாளனும் நாலைந்து சங்கங்களின் பிறப்பையும் இறப்பையும் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. மாடி அறை ஒன்றில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். காப்பி வரும், தீர்மானம் வரும், ரசீதுப் புத்தகமும் ரப்பர் ஸ்டாம்பும் வரும். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் சங்கம் இரண்டாகியிருக்கும். ரப்பர் ஸ்டாம்பு யார் வீட்டு மேஜை இழுப்பறையில் இருக்கிறதோ, அதுவே அசல் சங்கம் என்று ஊர் ஒப்புக்கொண்டுவிடும். மற்றவர்கள் எத்தனை பேராக இருந்தாலும் வெறும் கோஷ்டிதான்.

இந்த ரப்பர் ஸ்டாம்பு வியாதி தேச எல்லைகளை மதிப்பதில்லை. 2010-ம் வருஷம் ஐரோப்பாவில் நடந்த அப்படிப்பட்ட ஒரு பிரிவினையின் கதையை என் தங்கை மகன் சொல்லக் கேட்டு, பிறகு நானே தேடிப் படித்தேன். நாவலாக எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். ஏனென்றால், கோபித்துக்கொண்டு பிரிந்து போனவர்கள் அந்த முதல் வருஷத்தில் மிகவும் பாடுபட்டுச் செய்த காரியம், தங்கள் கைகளையே கட்டிக்கொண்டதுதான்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். சுத்தமான சுயநலம்தான். நான் கம்ப்யூட்டரில் எழுதத் தொடங்கிய காலத்தில் தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் படிக்க முடியாது. நான் வாங்கிய எழுத்துருவைச் செய்த கம்பெனி ஒரு நாள் கடையைக் கட்டிவிட்டது. அவர்கள் கொடுத்த மென்பொருளும் புது இயந்திரத்தில் ஓட மறுத்தது. ஒரு முழு நாவலும் பதினாறு கதைகளும், அரேபியனும் ரஷ்யனும் சேர்ந்து சண்டையிட்டாற்போலத் திரையில் கிடந்தன. எழுதியவன் நான், திறக்கும் சாவி மட்டும் யாரோ ஒருவர் பையில்! அச்சான புத்தகம் இருந்ததால் நாவல் பிழைத்தது. கதைகளில் நான்கு போனது போனதுதான்.

பையன்தான் வந்து லிப்ரே ஆபீஸ் என்ற மென்பொருளை ஏற்றிக் கொடுத்தான். காசு இல்லை என்றான். எனக்குச் சந்தேகம் பிறந்தது.

"இதுக்கு முதலாளி யாரு?"

"யாரும் இல்லே, மாமா."

"அதெப்படி? கோயில் மாட்டுக்குக்கூட ஒரு தர்மகர்த்தா உண்டே!"

"தர்மகர்த்தா உண்டு. முதலாளிதான் இல்லே."

"என்ன வித்தியாசம்?"

"தர்மகர்த்தா மாட்டை விற்க முடியாதே!"

"நீ கோயில் நிர்வாகங்களைப் பார்த்ததில்லை" என்றேன். ஆனால் அவன் சொன்னது மனசில் தங்கிவிட்டது.

கதை 1985-ல், அப்போதைய மேற்கு ஜெர்மனியில் லூனபர்க் என்ற ஊரில் ஆரம்பமாகிறது. மார்க்கோ போரீஸ் என்ற பதினாறு வயதுப் பையன், எழுதுவதற்கென்று ஒரு மென்பொருள் செய்து விற்க ஸ்டார் டிவிஷன் என்ற கம்பெனியைத் தொடங்கினான். நம் வீட்டில் அந்த வயதுப் பையன் பரீட்சைக்கு நோட்ஸ் எடுப்பான். கம்பெனி வளர்ந்தது. 1999-ல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை விலைக்கு வாங்கியது. 2000-ல் சன் ஒரு பெரிய காரியம் செய்தது. மென்பொருளின் மூல நிரலை எல்லோரும் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்துவிட்டது. முறுக்கு விற்றவர் பக்குவத்தையும் எழுதிக் கொடுத்த மாதிரி. அதற்கு ஓப்பன் ஆபீஸ் என்று பெயர்.

கொடுத்த கை முழுவதும் விரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யாராவது ஒரு வரி திருத்திக் கொடுத்தால், அந்த வரியில் சன் கம்பெனிக்கும் பாத்தியதை உண்டு என்று கையெழுத்திட்டுத் தரவேண்டும். எவருக்கும் கட்டுப்படாத ஓர் அறநிலையம் அமைத்து அதனிடம் இதை ஒப்படைப்போம் என்று ஆரம்பத்தில் சொன்ன வாக்கும் பத்து வருஷம் அப்படியே கிடந்தது. நல்ல முதலாளி இருக்கிறவரை இதெல்லாம் யாருக்கும் உறுத்தாது. 2010 ஜனவரியில் சன் கம்பெனியையே ஆரக்கிள் விழுங்கியது. அப்போது உறுத்தியது.

அந்த வருஷம் செப்டம்பர் 28-ந் தேதி, பல வருஷங்களாக அந்த மென்பொருளுக்கு உழைத்த தொண்டர்கள், தி டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற ஸ்தாபனத்தை அமைக்கப் போவதாக அறிவித்தார்கள். ஆரக்கிளையும் வந்து சேரும்படி அழைத்தார்கள். 'ஓப்பன் ஆபீஸ்' என்ற பெயரைத் தானமாகக் கேட்டார்கள். அது கிடைக்கிறவரை தற்காலிகமாக இருக்கட்டும் என்றுதான் லிப்ரே ஆபீஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆரக்கிள் பெயரைத் தரவில்லை. அக்டோபரில் நடந்த பழைய குழுவின் கூட்டத்தில், புதிய ஸ்தாபனத்தில் சேர்ந்தவர்கள் இங்கே உட்காருவது முறையல்ல, விலகுங்கள் என்ற பேச்சு வந்தது. இழுப்பறை சாத்தப்பட்டுவிட்டது.

இந்த இடத்தில் நம் ஊர்க் கோஷ்டியாக இருந்தால் ஒரு கண்டனக் கூட்டம் போட்டிருக்கும். இவர்கள் வேலையைப் பார்த்தார்கள். பாத்தியதைக் கையெழுத்து இனி வேண்டாம், எழுதியது எழுதியவனுக்கே சொந்தம், பொது உரிமத்தின்கீழ் கொடுத்தால் போதும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். புதிதாக வருகிறவன் பயந்து ஓடாமலிருக்கச் சின்னச் சின்ன வேலைகளாகப் பொறுக்கி ஒரு ஜாபிதா போட்டார்கள். அந்த ஜாபிதாவில் எனக்கு மிகவும் பிடித்த வேலை ஒன்று உண்டு. நிரலுக்கு நடுவே, 'இது எதற்காக' என்று எழுதியவர்கள் போட்டுவைத்த குறிப்புகளில் பல ஜெர்மன் மொழியில் இருந்தன. ஸ்டார் டிவிஷன் காலத்து ஜெர்மானியர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்டவை. உலகத்தார் படிக்கவேண்டுமானால் ஆங்கிலத்தில் மாற்றியாக வேண்டும். ஆயிரக்கணக்கான வரிகள். பல வருஷங்கள் ஓடிய வேலை அது. நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் ஜெர்மன் தெரிந்தால் போதும், வந்து கைகொடுக்கலாம். கொல்லைப்புறக் கதவு வழியாக எத்தனை பேர் வீட்டுக்குள் வந்திருப்பார்கள்!

2011 ஜனவரி 25-ல் லிப்ரே ஆபீஸ் 3.3 வெளியாயிற்று. ஆரம்பத்தில் இருபதுக்கும் குறைவாக இருந்த நிரல் எழுதுகிறவர்கள் நான்கு மாதத்துக்குள் நூறைத் தாண்டிவிட்டார்கள். எல்லோரும் தொண்டர்கள் என்று நினைக்கவேண்டாம். நாவல், ரெட் ஹாட் முதலிய கம்பெனிகள் சம்பளம் கொடுத்து ஆட்களை இந்த வேலைக்கு விட்டிருந்தன. (நாவல் என்பது கம்பெனியின் பெயர், நம்முடைய நாவலில் யாருக்கும் சம்பளம் வந்ததாகச் சரித்திரம் இல்லை.)

வளர்ச்சியோடு கவலையும் வந்தது. ஆரக்கிளிடமிருந்து தப்பி வந்து நாளைக்கு இன்னொரு பெரிய கம்பெனியின் மடியில் விழுந்தால் என்ன செய்வது? அதைவிட நுட்பமான கவலை: நாளைக்கு நாமே மாறிவிட்டால்? சாதாரணச் சங்கம் என்றால் உறுப்பினர்கள் கூடி ஓட்டுப் போட்டு நோக்கத்தையே மாற்றிவிடலாம். அதனால் ஜெர்மன் சட்டத்தில் 'ஷ்டிஃப்டுங்' என்று ஒன்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் ஊர்த் தரும டிரஸ்டுக்குத் தாயாதி. மூலதனத்தை ஒரு நோக்கத்துக்கென்று எழுதிவைத்தால், எழுதிவைத்தவர்களுக்கே பிறகு அதில் உரிமை கிடையாது. பங்குதாரர் இல்லை; விற்க முடியாது; எழுதிய நோக்கத்தை மீறாமல் நடக்கிறதா என்று சர்க்கார் பார்த்துக்கொண்டிருக்கும்.

அதற்கு 50,000 யூரோ மூலதனம் தேவைப்பட்டது. 2011 பிப்ரவரியில் பொதுமக்களிடம் கையேந்தினார்கள். மார்ச் மாதம் வரை கெடு. எட்டே நாளில் பணம் சேர்ந்துவிட்டது. ஏதோ ஒரு ஊரில் கடிதம் அடிக்கிற குமாஸ்தாவும், கட்டுரை அடிக்கிற மாணவனும் ஐந்தும் பத்துமாகக் கொடுத்திருக்கவேண்டும் என்றே என் கற்பனை போகிறது. அதுவரை, ஏற்கெனவே பதிவாகியிருந்த ஒரு ஜெர்மன் சங்கம் கணக்கு வழக்குகளைப் பார்த்துக்கொண்டது.

இடையில் ஒரு துயரமான வேடிக்கை. ஏப்ரலில் ஆரக்கிள், இந்த வியாபாரமே வேண்டாம் என்று அறிவித்தது. ஜூனில் ஓப்பன் ஆபீஸைப் பெயரோடு சேர்த்து அப்பாச்சி என்ற வேறொரு ஸ்தாபனத்துக்குக் கொடுத்துவிட்டது. கேட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை. அப்பாச்சி கண்ணியமான இடம், சந்தேகமில்லை. ஆனாலும் ஒரே தாயின் பிள்ளைகள் இரண்டு வீட்டில் வளர்கின்றன. பழைய பெயரை மட்டும் நினைவில் வைத்திருக்கும் எத்தனையோ பேர் இன்னமும் அந்த வாசலில்தான் போய் நிற்கிறார்கள். யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்டால், பெயரை உழைத்தவர்களிடம் கொடுத்திருக்கவேண்டும் என்றுதான் சொல்வேன்.

அவர்கள் எழுதிய விதிகளைப் படித்தபோது ஒரு மாமியார் எழுதியது போல இருந்தது. அவ்வளவு முன்னெச்சரிக்கை! நிர்வாகக் குழுவில் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குமேல் இருக்கக்கூடாது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தேர்தல். நிர்வாகக் குழுத் தேர்தலை உறுப்பினர் குழு நடத்தும். உறுப்பினர் குழுத் தேர்தலை நிர்வாகக் குழு நடத்தும். ஒருவர் பெட்டிச் சாவி இன்னொருவரிடம். பணம் கட்டி யாரும் உறுப்பினராக முடியாது. குறைந்தது மூன்று மாதம் உழைத்திருக்கவேண்டும். அடுத்த ஆறு மாதம் உழைப்பதாக வாக்குக் கொடுக்கவேண்டும். நிரல் எழுதினாலும் சரி, மொழிபெயர்த்தாலும் சரி, பிழை கண்டுபிடித்துச் சொன்னாலும் சரி, உழைப்பு உழைப்புதான். ஆயுள் உறுப்பினர், புரவலர், கௌரவத் தலைவர் என்ற ரகங்களையே காணோம். பொன்னாடைக்கு வழியே இல்லை!

2011 அக்டோபரில் முதல் தேர்தல். ஜெர்மனி, பிரேசில், அயர்லாந்து, இங்கிலாந்து, பிரான்சு, இத்தாலி என்று பல தேசத்து ஏழு பேர் வந்தார்கள். அதே மாதம் பாரிஸில் முதல் மாநாடு. 2012 பிப்ரவரி 17-ல் பெர்லினில் அறநிலையம் சட்டப்படி பதிவாயிற்று. அதன் பிறகு சச்சரவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கம்பெனிக்காரர்களும் தொண்டர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் குரல் உயராமல் இருக்குமா? உயர்ந்திருக்கிறது. மேஜையை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை.

தற்காலிகமாக வைத்த பெயரும் நிலைத்துவிட்டது. வீட்டில் கூப்பிட்ட செல்லப் பெயரே பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் ஏறிய குழந்தை மாதிரி.

பையன் தமிழ் மொழிபெயர்ப்பில் கைகொடுத்து உறுப்பினனாகியிருக்கிறான். போன வாரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"என்னடா?"

"உறுப்பினர் பதவியை வருஷா வருஷம் புதுப்பிக்கணும், மாமா. இந்த வருஷம் என்ன செஞ்சேன்னு எழுதணும்."

"எவ்வளவு செஞ்சே?"

அவன் பதில் சொல்லவில்லை. மாசி மாதத்திலிருந்து ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான்.