முதலில் யாரைத் தூக்குவது?

2024-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 11-ந் தேதி ஆயுத பூஜை. நமது வீட்டில் புஸ்தகங்களையெல்லாம் அடுக்கி, சந்தனம் குங்குமம் இட்டு, சரஸ்வதி தேவியின் முன்பு வைத்தாகிவிட்டது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் உபாத்தியாயருக்குப் படிக்காமல் இருப்பதற்குச் சாஸ்திர சம்மதம் உண்டு. ஆகையால் மனச்சாட்சியின் உறுத்தல் சிறிதும் இன்றிச் சுண்டலைத் தின்றுவிட்டுச் சாய்ந்து கொண்டிருந்தோம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் அன்று இயந்திரங்களுக்கெல்லாம் மாலையும் திருநீறும். தொழிலாளிகளுக்குப் பொரியும் வாழைப்பழமும்.

இரவு மணி எட்டரைக்கு மேல் இருக்கும். அடுத்த வீட்டு நண்பர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"ஸார்! கவரைப்பேட்டையில் ரயில் மோதிவிட்டதாம். பெட்டி எரிகிறதாம். வருகிறீர்களா?"

கவரைப்பேட்டை நமக்கு அடுத்த ஸ்டேஷன். நண்பருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிக் கொண்டோம். நம் இல்லாள் வாசல்வரை வந்து, பழைய வேஷ்டிகள் நாலைந்தை மடித்துக் கையில் கொடுத்தாள். "எதற்கு?" என்று கேட்கவில்லை. அந்தக் காரணம் அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அதைப் பின்னால் சொல்கிறோம்.

நடந்தது இதுதான். மைசூரிலிருந்து தர்பங்காவுக்குப் போகும் பாக்மதி எக்ஸ்பிரஸ், நேர்ப் பாதையில் போக வேண்டியது, கிளைப் பாதையில் புகுந்து அங்கே நின்று கொண்டிருந்த சரக்கு ரயிலின்மேல் மோதிவிட்டது. பத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் தடம் புரண்டன. வண்டியில் இருந்த பிரயாணிகளோ ஆயிரத்துக்கும் மேல். ஆயினும், தெய்வச் செயல் என்றுதான் சொல்ல வேண்டும், ஒருவரும் உயிரிழக்கவில்லை. காயமுற்றவர்கள் 19 பேர்.

நாம் போய்ச் சேர்ந்தபோது ஊர் ஜனங்கள் நமக்கு முன்பே வந்துவிட்டார்கள். கையிலிருந்த டெலிபோன் விளக்குகளின் வெளிச்சத்தில் பெட்டியிலிருந்து இறங்குகிறவர்களுக்குக் கை கொடுத்துக் கொண்டிருந்தார்கள். எங்கும் அழுகை, எங்கும் கூச்சல், தெரியாத பாஷையில் பெயர் சொல்லி அழைக்கும் குரல்கள். நாமோ அந்தக் கூச்சலின் பக்கம் போகவில்லை. வேலியோரத்திலும் மரத்தடியிலும் பேசாமல் உட்கார்ந்திருந்தவர்களைத் தேடித் தேடிப் போய், ஒவ்வொருவர் முகத்திலும் வெளிச்சம் போட்டுப் பார்த்தோம். நண்பருக்கு நமது போக்கு விசித்திரமாய் இருந்திருக்க வேண்டும்.

அந்தப் பழக்கம் நமக்கு வந்த கதையைச் சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

2017-ஆம் வருஷம் ஒரு மாலை. பள்ளிக்கூடம் விட்டு நெடுஞ்சாலை வழியே வந்து கொண்டிருந்தோம். தொழிலாளிகளை ஏற்றிக் கொண்டு வந்த வேன் ஒன்று நமது கண்ணெதிரே தடுமாறிக் கவிழ்ந்தது. ஏழெட்டுப் பேர் சாலையில் விழுந்தார்கள். அவர்களில் ஒருவனுடைய கால் முறிந்திருந்தது. அவன் போட்ட சத்தம் இன்னும் நம் காதில் இருக்கிறது. நாம் அவனிடந்தான் ஓடினோம். தலையை மடியில் வைத்துக் கொண்டு, "பயப்படாதே, அப்பா, பயப்படாதே" என்று பத்து நிமிஷம் சமாதானம் சொன்னோம். சற்றுத் தள்ளிப் புளியமரத்தில் சாய்ந்தபடி ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். உடம்பில் ரத்தம் இல்லை. நம்மை ஒரு தடவை பார்த்தான். 'இவன் பிழைத்துக் கொண்டான்' என்று எண்ணினோம்.

108 வண்டி வந்தது. அதிலிருந்து இறங்கிய மருத்துவ உதவியாளர் சிறு வயதுப் பெண். கத்துகிறவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவனைத் தாண்டி நேரே புளியமரத்தடிக்குப் போனாள். நமக்குக் கோபம்கூட வந்தது.

"அம்மா, இங்கே இவருக்குக் கால் போயிற்று!" என்றோம்.

"ஸார், கத்துகிறவர் மூச்சு விடுகிறார் என்று அர்த்தம். பேசாமல் இருக்கிறவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

அந்த இளைஞனுக்கு வயிற்றுக்குள்ளே ரத்தம் கசிந்து கொண்டிருந்தது. அவனைத்தான் முதலில் கொண்டு போனார்கள். விடிவதற்குள் இறந்து போனான். ஒரிஸ்ஸா தேசத்துப் பிள்ளை. வயது இருபதுக்கு மேல் இராது. பத்து நிமிஷம் முன்னதாக நாம் அவன் நாடியைப் பிடித்துப் பார்த்து, அவன் நிலையை டெலிபோனில் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பானா? மறுநாள் ஒரு டாக்டரிடம் கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. நமது தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பதிலைத்தான் இன்றளவும் சுமந்து கொண்டிருக்கிறோம்.

அதற்குப் பிறகு இந்த விஷயத்தைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தோம். காயம்பட்டவர்களைத் தரம் பிரிப்பதற்கு வைத்தியர்கள் வழங்கும் பெயர் 'ட்ரியாஜ்' என்பது. பிரெஞ்சுச் சொல். கம்பளி மயிரையும் காப்பிக் கொட்டையையும் பொறுக்கி வகைப்படுத்துவதற்கு அந்தச் சொல் வழங்கி வந்ததாம். நம் வீட்டுப் பெண்கள் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவதில்லையா, அதுபோல. நெப்போலியனுடைய சேனையில் லாரே என்று ஒரு பெரிய ரண வைத்தியர் இருந்தார். காயம்பட்ட சிப்பாய்களை யுத்தகளத்திலிருந்து உடனே எடுத்து வர இலேசான குதிரை வண்டிகளை ஏற்படுத்தியவர் அவர். தளபதியா, சாதாரணச் சிப்பாயா என்று பாராமல், யாருடைய காயம் அபாயமானதோ அவனுக்கே முதல் சிகிச்சை என்ற விதியை வகுத்தவரும் அவரே. உயிரின் முன்னே அந்தஸ்து இல்லை என்கிற தர்மம் பீரங்கிப் புகைக்கு நடுவில் பிறந்தது!

இப்போது பல தேசங்களிலும் வழங்கும் முறை ஒன்று 1983-ஆம் வருஷம் அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தில் வகுக்கப்பட்டது. நாலு நிறம், ஒருவருக்கு ஒரு நிமிஷத்துக்கும் குறைந்த நேரம். அவ்வளவுதான். "நடக்கக் கூடியவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் வாருங்கள்" என்று முதலில் உரக்கக் கூப்பிட வேண்டும். வந்தவர்கள் பச்சை, காத்திருக்கலாம். எஞ்சியவர்களில் மூச்சு இல்லாதவருடைய தலையை நிமிர்த்தி வாயைத் திறந்து மூச்சுக்கு வழி செய்ய வேண்டும். அப்போதும் மூச்சு வராவிட்டால் கறுப்பு, வந்துவிட்டால் சிவப்பு. மூச்சு நிமிஷத்துக்கு 30 தடவைக்கு மேல் ஓடினாலும் சிவப்பு. மணிக்கட்டில் நாடி இல்லாவிட்டாலும், நகத்தை அழுத்திவிட்டால் 2 விநாடிக்குள் செம்மை திரும்பாவிட்டாலும் சிவப்பு. "என் கையைப் பிடி" என்றால் பிடிக்கத் தெரியாதவரும் சிவப்பு. மற்றவர் மஞ்சள். பெருகும் ரத்தத்தைத் துணி வைத்து அழுத்துவதைத் தவிர, அந்தச் சமயத்தில் வேறு வைத்தியம் எதுவும் கிடையாது. நம் இல்லாள் கொடுத்த வேஷ்டிகளின் ரகசியம் இப்போது விளங்கியிருக்கும்.

நம் நாட்டிலே வழக்கமாய் நடப்பது என்ன? நடக்கக் கூடியவர்களே முதலில் ஆட்டோவைப் பிடித்துப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டில்களையெல்லாம் நிரப்பிவிடுகிறார்கள். தூக்கி வர வேண்டியவர்கள் வந்து சேரும்போது இடமும் இல்லை, கையும் இல்லை. விபத்து தண்டவாளத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு இடம் மாறுகிறதே தவிர, தீருவதில்லை.

இதையெல்லாம் நாம் மட்டும் தெரிந்து வைத்துக் கொண்டு என்ன பிரயோஜனம்? ஆகவே, ஒரு சனிக்கிழமை நம் வகுப்புப் பிள்ளைகளை விளையாட்டு மைதானத்துக்கு அழைத்துச் சென்றோம். பாதிப் பேர் காயம்பட்டவர்கள். பாதிப் பேர் தொண்டர்கள். கையில் நாலு நிறக் காகிதத் துண்டுகள். காயம்பட்டவர்கள் வெகு உற்சாகமாய் முனகினார்கள்! பீகாரிலிருந்து வந்த தொழிலாளி ஒருவருடைய மகன் அந்த வகுப்பில் இருக்கிறான். அவன் மற்றவர்களுக்கு "ஹாத் தபாவோ" என்று சொல்லக் கற்றுக் கொடுத்தான். 'கையை அழுத்து' என்று பொருள். இங்கே வேலை செய்கிறவர்களில் வடதேசத்தார் பலர். பாஷை தெரியாத காரணத்தினால் ஒருவன் சிவப்பாகிவிடக் கூடாது அல்லவா?

எல்லாம் நன்றாகவே நடந்தது. ஒரு சிறுமி மட்டும் அசையாமல் நின்று கொண்டிருந்தாள். அவள் சிநேகிதி தரையில் மூச்சை அடக்கிக் கொண்டு கிடந்தாள்.

"ஏன் அம்மா நிற்கிறாய்? கறுப்புக் காகிதம்தானே?"

"ஐயா, எனக்குக் கறுப்புக் காகிதம் வேண்டாம். இவளை விட்டுவிட்டுப் போகிறது பாபம் இல்லையா?"

நமக்குத் தொண்டை அடைத்துக் கொண்டது. சிறிது நேரம் யோசித்துவிட்டுச் சொன்னோம்: "சாதாரண நாளில் ஒருவர் விழுந்தால், நூறு பேர் சேர்ந்து கடைசிவரையில் போராட வேண்டும், அம்மா. கை இரண்டாகவும் காயம்பட்டவர் இருபதாகவும் இருக்கிற நேரத்துக்குத்தான் இந்தக் காகிதம். இது தீர்ப்பு அல்ல. சிவப்பெல்லாம் போன பிறகு மறுபடியும் திரும்பி வந்து பார்க்க வேண்டும் என்பதும் இந்த முறையிலே சேர்ந்ததுதான்." அவள் காகிதத்தை வாங்கிக் கொண்டாள், ஆனால் கட்டவில்லை. சிநேகிதியின் பக்கத்தில் வைத்து, காற்றில் பறக்காமல் ஒரு சிறு கல்லையும் மேலே வைத்தாள். நாம் அவளைக் கண்டிக்கவில்லை.

பிறகு இன்னொரு கேள்வி கேட்டோம். "தொழிற்சாலையில் அபாயச் சங்கு ஊதினால் எந்தத் திசையில் ஓடுவீர்கள்?" ஒரு பையன் தொழிற்சாலை இருக்கும் திசையையே காட்டினான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "அப்பா அங்கேதான் இருக்கிறார்" என்றான்.

இந்தப் பதில் நம்மைப் பல இரவுகள் தூங்க விடவில்லை. 1984-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் போபால் நகரத்து ஜனங்கள் நள்ளிரவில் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் ஓடினார்கள். விஷ வாயு வீசிய திசையிலேயே ஓடியவர்களும் உண்டு. 2023-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி இரவு, நமக்கு அருகிலுள்ள எண்ணூரில் அமோனியா கசிந்தபோது பெரியகுப்பத்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு வீதிக்கு வந்தார்கள். 2025-ஆம் வருஷம் ஜூலை 13-ந் தேதி விடியற்காலையில் திருவள்ளூருக்கு அருகே டீசல் ஏற்றிய சரக்கு ரயில் தீப்பற்றி எரிந்தது. போபாலுக்குப் பிறகு, 1989-ல், சர்க்கார் விதிகள் செய்திருக்கிறார்கள். அபாயகரமான ரசாயனங்களைப் பெருமளவில் கையாளும் தொழிற்சாலை தன் மதிலுக்குள்ளே ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும். மதிலுக்கு வெளியே ஜில்லா அதிகாரிகள் ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும். ஒத்திகையும் நடத்த வேண்டும். சுற்றியுள்ள ஜனங்களுக்கு விஷயத்தைத் தெரிவிக்கவும் வேண்டும். சட்டம் நல்ல சட்டந்தான். ஆனால், நேயர்களே, உங்கள் தெருவில் எத்தனை பேருக்கு இது தெரியும்? காற்று வீசும் திசையோடு ஓடாமல், குறுக்கே விலகி, பிறகு காற்று வருகிற பக்கம் போக வேண்டும் என்பதையும், ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் பொத்திக் கொள்ள வேண்டும் என்பதையும் உங்கள் வீட்டுக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களா?

கவரைப்பேட்டை சம்பவத்துக்கு முந்திய வருஷம், 2023 ஜூன் 2-ந் தேதி, ஒரிஸ்ஸாவில் பஹானகா பஜார் ஸ்டேஷனில் நடந்ததும் இதே மாதிரி விபத்துதான். சென்னையை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் கிளைப் பாதையில் புகுந்து சரக்கு ரயிலின்மேல் மோதியது. அங்கே 290 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆயிரம் பேருக்கு மேல் காயமுற்றார்கள். நமது ஊர் ஸ்டேஷனைத் தாண்டித் தினமும் ஓடுகிற வண்டி அது! பக்கத்துப் பள்ளிக்கூடத்தைத்தான் பிரேதங்களை வைக்கும் இடமாக்கினார்கள். பிறகு பிள்ளைகள் அந்த வகுப்புகளுக்குள் நுழைய அஞ்சியதால் அந்தக் கட்டடத்தை இடிக்க வேண்டியதாயிற்று. உபாத்தியாயராகிய நமக்கு இந்தச் செய்தியைப் படித்தபோது கைகள் நடுங்கின. ஆனால் அதே இரவில் கிராமத்து ஜனங்கள் பெட்டிகளிலிருந்து மனிதர்களை இழுத்துக் காப்பாற்றியதையும், இளைஞர்கள் ரத்தம் கொடுக்க ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாய் நின்றதையும் மறக்கக் கூடாது.

மனம் நம் ஜனங்களிடம் எப்போதும் இருக்கிறது, பயிற்சிதான் இல்லை. போயர் யுத்தத்தின்போது தென்னாப்பிரிக்காவில் காந்திஜி அமைத்த தொண்டர் படையை எண்ணிப் பாருங்கள். 1,100 இந்தியர்கள், அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். 'கூலி' என்று இகழப்பட்டவர்கள் காயம்பட்ட சிப்பாய்களைத் தூளியில் வைத்து ஒரு நாளில் இருபது மைலுக்கு மேல் சுமந்தார்கள். புறப்படுமுன் அவர்களுக்குப் பயிற்சி அளித்தார் டாக்டர் பூத் என்பவர். பயிற்சி பெற்ற கூலியின் கை, பயிற்சி பெறாத பட்டதாரியின் கையைவிட உயர்ந்தது. இதை 2017-ல் நாமே நிரூபித்துவிட்டோம்.

இன்று நமக்கு வசதிகள் இல்லாமல் இல்லை. 108 வண்டி 2008 முதல் ஓடுகிறது. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அவசர சிகிச்சைப் பகுதியையே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்திருக்கிறார்கள். திருவள்ளூரிலே அரசாங்க மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. விபத்தில் உதவி செய்கிறவனைப் போலீஸ் விசாரணை என்று அலைக்கழிக்கக் கூடாதென்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. சாலை விபத்துக்களைப் பொறுத்தவரை 2019-ல் அது சட்டமாகவும் ஆயிற்று. ஆகையால் "நமக்கேன் வம்பு?" என்ற பழைய சாக்கு இனிச் செல்லாது. வண்டி வந்து சேரும் வரையுள்ள அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷம் மட்டும் நம்முடையது. அதை எந்தச் சர்க்காரும் நமக்காகச் செய்து தர முடியாது.

கவரைப்பேட்டையில் அன்றிரவு மரத்தடியில் ஒரு கிழவி பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஹாத் தபாவோ, மாதாஜி" என்றோம். நமது உச்சரிப்பு அவளுக்கு எப்படி இருந்ததோ தெரியாது. நமது விரல்களைப் பிடித்து நன்றாய் இறுக்கி அழுத்தினாள். நாடி ஓடிற்று, மூச்சும் சீராகவே இருந்தது. வெறும் பயம்தான். பச்சை.

ஆனாலும் அவள் கையை உடனே விட நமக்கு மனம் வரவில்லை. அவளும் விடவில்லை.