கீழிருந்து மேலே

மேட்டூர் அணை திறக்கும் நாளாக ஜூன் 12ஐ டெல்டா மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. அணையில் தண்ணீர் இருந்தால் அன்றே திறப்பார்கள். இல்லாவிட்டால் ஆடி, ஆவணி என்று தள்ளிப்போகும். எந்த நாளில் திறந்தாலும் சரி, அதை ஒட்டிய நாட்களில் தஞ்சாவூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டை வட்டாரத்து வெல்டிங் பட்டறைகளில் ராத்திரி வெகுநேரம் வேலை நடக்கும். வாசலில் கேஜ் வீல்கள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். சேற்றுழவுக்கு டிராக்டரில் மாட்டுகிற இரும்புக் கூண்டுச் சக்கரங்கள் இவை. ஆங்கிள் விரிசல் விட்டிருக்கும், பட்டை பிய்ந்து தொங்கும், சந்துபொந்தெல்லாம் போன போகத்து வண்டல் காய்ந்து கல்லாக இறுகியிருக்கும். "காலையில வேணும்ணே, கல்லணைக்குத் தண்ணி வந்துடுச்சு" என்று அவசரப்படுத்துவார் வண்டிக்காரர்.

பிய்ந்த இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பல சமயம் வெல்டு உடைந்திருக்காது. முழுசாக, வழவழப்பாக, ஒரு பக்கத்து இரும்போடு ஒட்டிக்கொண்டே இருக்கும். மறுபக்கத்து இரும்பிலிருந்து மட்டும் பெயர்ந்து வந்திருக்கும். அந்தப் பக்கத்தைத் துடைத்துப் பார்த்தால் கட்டிங் செய்தபோது விழுந்த கோடுகூட அழியாமல் தெரியும். அந்த விளிம்பு உருகவே இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். உருகிய வெல்டிங் ராடு அதன்மேல் படிந்திருந்ததே தவிர, அதனோடு கலக்கவில்லை.

இப்படிப் பெயர்கிற இணைப்புகளில் கணிசமானவை, நின்ற நிலையில் வைத்து மேலிருந்து கீழே இழுத்த வெல்டுகள். மேலே பற்றவைத்து சரசரவென்று கீழே இறக்கினால் வேலை சீக்கிரம் முடியும், பார்வைக்கும் மொழுமொழுவென்று அழகாக இருக்கும். வாடிக்கையாளர் கண்ணில் அதுதான் 'நல்ல வெல்டு'. கிரில் கேட்டுக்கும் ஜன்னலுக்கும் தகரத்துக்கும் அது தப்பே இல்லை. மெல்லிய தகட்டில் கீழிருந்து ஏறினால் ஓட்டைதான் விழும். நாடு முழுக்க ஓடும் எண்ணெய், எரிவாயுக் குழாய்களையே மேலிருந்து கீழாக வெல்டு வைக்கிற முறை உண்டு. ஆனால் அதற்கென்றே செல்லுலோஸ் பூச்சு பூசிய தனி ராடு, தனி மின்னளவு, தனிப் பயிற்சி எல்லாம் இருக்கின்றன. பட்டறையில் கிடக்கிற சாதாரண ராடை வைத்துக்கொண்டு 10 மில்லிமீட்டர் பிளேட்டில் அதே வித்தையைக் காட்டும்போதுதான் வினை. ராடு இறங்கும்போது உருகிய கசடும் கூடவே இறங்கி, மின்வில்லுக்கு முன்னால் ஓடி, இரும்பின் மேல் விரிப்புப்போலப் பரவிவிடுகிறது. அதன்மேல் விழுகிற உலோகம் அடி இரும்பைத் தொடுவதில்லை.

கனமான இரும்பு நின்றுகொண்டிருந்தால் கீழிருந்து மேலேதான் போக வேண்டும். பட்டறைக்காரர்களுக்கு இது தெரியாததல்ல. ஏறிப் போவது கடினம், அவ்வளவுதான்.

கடினம் எங்கே இருக்கிறது? எஃகு உருகுவதற்கு ஏறத்தாழ 1,500 டிகிரி வேண்டும். ராடின் நுனியில் எரிகிற மின்வில் அதைவிடப் பல மடங்கு சூடு. அந்தச் சூட்டில் ஒரு துளி அளவுக்கு இரும்பு தண்ணீராகி நிற்கிறது, அதுவும் சுவரில் ஒட்டிக்கொண்டு. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், சுவாமிமலையில், ஸ்தபதிகள் காவிரி வண்டலால் செய்த கருவுக்குள் உருக்கிய பஞ்சலோகத்தை ஊற்றுகிறார்கள். அங்கே புவியீர்ப்பு கூடமாட வேலை செய்யும் ஆள். மூலை முடுக்கெல்லாம் உலோகத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான். நின்ற வெல்டில் அதே புவியீர்ப்பு எதிர்க்கட்சி. கொஞ்சம் அசந்தால் துளி தொங்கும், திராட்சைக் கொத்தாகக் கட்டும், சொட்டும்.

பூச்சில்லாத வெறும் கம்பியை வைத்து இந்த வேலையைச் செய்ய முடியாமல் ஒரு காலத்தில் திண்டாடியிருக்கிறார்கள். ராடுக்குப் பூச்சு பூசும் யோசனை ஸ்வீடனைச் சேர்ந்த ஆஸ்கர் ஷெல்பெர்க்குடையது. கப்பல்களிலும் கொதிகலன்களிலும் ரிவெட் இணைப்புகள் ஒழுகுவதைப் பார்த்துச் சலித்த பொறியாளர் அவர். 1904இல் அவர் தொடங்கிய நிறுவனம்தான் இன்று நம் ஊர்க் கடைகளில் ராடு பெட்டிமேல் பெயர் போட்டிருக்கும் எசாப். பூச்சு எரிந்து வாயுவாகிக் காற்றைத் தள்ளி நிறுத்துகிறது. மிச்சம் கசடாகி உருகிய இரும்பின்மேல் போர்த்தி, உறைகிற வரைக்கும் அதைத் தாங்குகிறது. ராடில் அச்சடித்திருக்கிற எண்ணிலேயே விஷயம் இருக்கிறது. 6013, 7018 இரண்டிலும் மூன்றாவது இலக்கம் 1. எல்லா நிலையிலும் வெல்டு வைக்கலாம் என்று அர்த்தம். 7024இல் அந்த இடத்தில் 2 நிற்கிறது. அதைச் சுவரில் முயன்றால் இரும்பு காலில்தான் விழும்.

இனி கைவேலை. முதலில் மின்னளவைக் குறைக்க வேண்டும். படுக்கை நிலையில் வைப்பதைவிடப் பத்து, பதினைந்து சதவீதம் குறைவாக. 10 கேஜ் என்று கடையில் கேட்டு வாங்குகிற 3.15 மில்லிமீட்டர் 7018 ராடு என்றால் 90இலிருந்து 110 ஆம்பியருக்குள் ஏதோ ஓர் இடத்தில் அது படிந்துவரும். மெஷினுக்கு மெஷின் அந்த இடம் மாறும் என்பதால், கழிவுத் துண்டில் ஒரு விரற்கடை ஓட்டிப் பார்க்காமல் வேலையில் கை வைக்கக் கூடாது. ராடின் நுனி லேசாக மேல்நோக்கி இருக்கட்டும், ஐந்து பத்து டிகிரி போதும். வில்லின் நீளம் ராடின் கம்பிக் கனத்தைத் தாண்டக் கூடாது. தூக்கித் தூக்கி வைக்கிற பழக்கம் சிலருக்கு 6013இல் வந்திருக்கும். 7018இல் அதைச் செய்தால் காற்று புகுந்து வெல்டுக்குள் பொத்தல் விழும்.

அடியில் முதலில் ஒரு சின்னப் படி கட்ட வேண்டும். உருகி உறைந்த அந்தப் படிமேல்தான் அடுத்த துளி உட்காரும். அது உறைந்ததும் அதன்மேல் அடுத்தது. கை இடது ஓரம், வலது ஓரம் என்று மாறிமாறிப் போகும். புதிதாகக் கற்கிறவர்கள் எல்லோரும் ஒரே வேகத்தில் ஆட்டுவார்கள். முடிவில் நடுவில் தொப்பை விழுந்து, இரண்டு ஓரத்திலும் பள்ளம் வெட்டியிருக்கும். "ஓரத்துல நில்லு தம்பி, நடுவுல ஓடு" என்று பின்னாலிருந்து மேஸ்திரி கத்துவது இதற்காகத்தான். நடுப்பகுதி இரண்டு பக்கத்துச் சூட்டையும் வாங்கி ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. அங்கே தங்கினால் வழிந்துவிடும். ஓரத்திலோ வில் பிளேட்டை அரித்துப் பள்ளம் பண்ணியிருக்கிறது. அந்தப் பள்ளம் ராடின் இரும்பால் நிரம்புகிற வரை அங்கே காத்திருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம்? எண்ணிச் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் எண்ணிக்கையைவிடக் கண் மேல். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் எல்லோரும் பார்ப்பது வில்லின் வெளிச்சத்தை; கண்ணைப் பறிக்கிறதே, வேறெங்கே போகும்? பார்க்க வேண்டியது அதற்குச் சற்றுக் கீழே இருக்கிற உலோகக் குட்டையை. அதில் கசடு மங்கலாக மிதந்து நெளியும். இரும்பு தெளிவாகப் பளபளக்கும். ஓரப் பள்ளத்தில் அந்தப் பளபளப்பு ஏறி விளிம்பைத் தொட்டதும் கையை நகர்த்தலாம். குட்டையின் கீழ் உதடு பிதுங்கத் தொடங்கினால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள், நிறுத்திவிட வேண்டும். ராடு இன்னும் பாதி பாக்கி இருக்கிறதே என்று மனசு கேட்காது. நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

நிறுத்திய இடத்தில் மறுபடி தொடங்குவது தனி வித்தை. கசடைத் தட்டி, பிரஷ் போட்டு, பழைய குழிக்குச் சற்று மேலே பற்றவைத்து, கீழே குழிக்கு வந்து அதை நிரப்பிவிட்டு, பிறகு ஏற வேண்டும். எக்ஸ்ரேயில் மாட்டுவது பெரும்பாலும் இந்த ஒட்டு இடங்கள்தான்.

உடம்பைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வெல்டிங் கேபிளின் கனம் மணிக்கட்டை இழுத்தால் எந்தக் கை ஆடாமல் இருக்கும்? கேபிளைத் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும், முழங்கையை முழங்காலிலோ பிளேட்டிலோ ஊன்ற வேண்டும், முடிந்தால் இரண்டாவது கையையும் கொடுக்க வேண்டும். பற்றவைப்பதற்கு முன் வெறும் ராடை வைத்துக்கொண்டு அடியிலிருந்து உச்சி வரை ஒருமுறை போய்ப் பார்த்தால், எந்த இடத்தில் கை எட்டாமல் போகும் என்று தெரிந்துவிடும். இந்த ஒத்திகைக்கு ராடும் செலவில்லை, கரண்டும் செலவில்லை. இருந்தும் செய்கிறவர்கள் குறைவு.

டெல்டாவுக்கென்று சொல்ல இன்னும் ஒன்றிருக்கிறது: ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கிற ஊர் இது. பட்டறை முற்றத்தில் சாக்கு விரித்து ராடுகளை வெயிலில் காயவைப்பதைப் பார்க்கலாம். 6013க்கு இது ஓரளவு செல்லும்; அதன் பூச்சில் கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் வேண்டும். 7018க்கு வெயில் போதவே போதாது. ஈரத்திலிருக்கும் ஹைட்ரஜன் வெல்டுக்குள் புகுந்து, வேலை முடிந்து மணிக்கணக்கு கழித்துக்கூட உள்ளுக்குள் விரிசல் விடவைக்கும். திறந்து கிடந்த பாக்கெட் என்றால் 300 டிகிரிக்கு மேல் அடுப்பில் ஒன்றிரண்டு மணி நேரம் சுட வேண்டும். எடுத்த ராடை நாலு மணி நேரத்துக்குள் எரித்து முடிக்க வேண்டும் என்பது அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் விதி. சாலையோரப் பட்டறையில் அப்படியோர் அடுப்பை எதிர்பார்க்க முடியாதுதான். அப்படியானால் சீல் உடையாத சின்னப் பெட்டியாக வாங்கி அன்றன்றே தீர்ப்பது உத்தமம். பழைய சின்ன டிரான்ஸ்பார்மர் மெஷின்கள் பலவற்றில் 7018 சரியாகப் பிடிப்பதும் இல்லை. 70 வோல்ட்டுக்குக் குறையாத திறந்தநிலை மின்னழுத்தம் அதற்கு வேண்டும். தோளில் தூக்கிப் போகிற இன்வெர்ட்டர்கள் வந்தபிறகு அந்தத் தொல்லை பெரிதும் தீர்ந்திருக்கிறது.

இந்த வித்தைக்கு உலகத்தரப் பள்ளி ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது என்பது டெல்டாவின் யோகம். தஞ்சாவூரிலிருந்து திருச்சி சாலையில் போனால் திருவெறும்பூரில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை. 1965இல் செக்கோஸ்லோவாக்கியா உதவியோடு தொடங்கியது. வெல்டிங் ஆராய்ச்சிக்கென்றே 1975இல் அங்கே ஒரு நிலையமும் வந்தது. ஆலையை நம்பித் துவாக்குடி வரை நூற்றுக்கணக்கில் சிறு தொழிற்கூடங்கள் முளைத்தன. கொதிகலன் வேலையில் நெருக்கமாக நிற்கும் குழாய்களுக்குப் பின்பக்கம் தலை நுழையாது. சின்ன முகம்பார்க்கும் கண்ணாடியை வைத்து, அதில் தெரிகிற பிம்பத்தைப் பார்த்தபடி வெல்டு வைப்பார்கள். கை முன்னால் போனால் கண்ணுக்கு நம் பக்கம் வருவதுபோலத் தெரியும். அதைப் பழகியவருக்குக் கேஜ் வீல் எம்மாத்திரம்!

எட்டாம் வகுப்பு முடித்தவர் ஐடிஐயில் ஓராண்டு வெல்டர் படிப்பில் சேரலாம். அங்கே 3ஜி என்பது பையன்களின் முதல் பெரிய பரீட்சை. இரண்டு பிளேட்டின் விளிம்பைச் சீவி, நடுவே ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, நிற்கவைத்து, அடியிலிருந்து உச்சிவரை நிரப்ப வேண்டும். பிறகு அதைப் பட்டைகளாக அறுத்து, யூ வடிவத்துக்கு 180 டிகிரி வளைப்பார்கள். வளைவில் 3 மில்லிமீட்டருக்கு மேல் வாய் பிளந்தால் தோல்வி. வழவழப்புக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. அடுத்தது 6ஜி: 45 டிகிரியில் சாய்த்து நிறுத்திய குழாயை அசைக்காமல் சுற்றிலும் வைப்பது. அதன் இரு பக்கங்களிலும் வருவது இதே ஏற்றம்தான். மன்னார்குடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் விமானம் ஏறுவதற்கு முன் இந்த எண்களைத்தான் உச்சரிக்கிறார்கள். சம்பளம் அதில் தொங்குகிறது.

ஊரில் இருக்கிற பட்டறையில் வளைத்துப் பார்க்கும் மெஷின் இல்லாவிட்டாலும் ஒரு வைஸும் சம்மட்டியும் இருக்கின்றன. இரண்டு கழிவுத் துண்டுகளை 'டி' வடிவத்தில் ஒரு பக்கம் மட்டும் வெல்டு வைத்து, வைஸில் கடித்து, வெல்டை நோக்கி மடங்கும்படி அடித்து உடைத்துப் பார்க்கலாம். உடைந்த முகத்தில் மூலை வரை உருகியிருக்கிறதா, கசடு சிக்கியிருக்கிறதா என்று அது பச்சையாகக் காட்டிக்கொடுக்கும். மாதக்கணக்கில் வெல்டு வைத்தும் தேறாத கை, உடைத்துப் பார்க்கத் தொடங்கியபின் சில வாரத்தில் திருந்துகிறது. தன் வெல்டைத் தானே உடைக்க மனசு வராததுதான் பல பேருக்குத் தடை. அதற்கு மருந்து பட்டறை முதலாளியிடம் இருக்கிறது: வாரம் ஒருநாள் ஒரு மணி நேரம் பையன்களுக்குக் கழிவு இரும்பும் ராடும் கொடுத்துவிட வேண்டும்.

வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த குறுவைக்குக் கேஜ் வீலையோ டிரெய்லர் கொக்கியையோ பட்டறைக்குக் கொண்டுபோகும்போது, வண்டலையும் துருவையும் நீங்களே சுரண்டிக் கழுவிக் கொண்டுபோங்கள். பழைய வெல்டின்மேலேயே பூசாமல் கிரைண்டரால் முழுக்கச் சீவி எடுக்கச் சொல்லுங்கள். நிற்கிற இணைப்பு என்றால் கீழிருந்து மேலே வைக்கச் சொல்லுங்கள். நேரம் கூடும், கூலியும் கூடக் கேட்பார்கள். பேரம் பேசாமல் கொடுங்கள்.