டூவா... டஸ்ஸா... டிட்டா?

உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. 'நேத்து ஆபீஸுக்குப் போனியா?' இதை இங்கிலீஷில் கேளுங்கள், பார்ப்போம்.

'டிட் யூ கோ' என்று பட்டென்று வந்துவிட்டதா? கொடுத்துவைத்தவர் நீங்கள். 'டிட் யூ வென்ட்' என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டீர்களா? வாங்க, வாங்க... நீங்க நம்ம கட்சி!

எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். பி.காம். படித்தவன். டெபிட், கிரெடிட்டில் தடுமாறியதில்லை. டூ, டஸ், டிட் என்று வந்தால்தான் சறுக்கல். கபில்தேவ் படம் போட்ட ரேபிடெக்ஸ் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியும் பார்த்தேன். தலைக்குள் ஏறவில்லை.

காரணம் ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. தமிழில் கேள்வி கேட்க 'ஆ' என்ற ஒரே ஒரு எழுத்து போதும். 'நேத்து நீ மதுரைக்குப் போனியா?' என்று கடைசியில் ஒட்டலாம். 'நேத்தா போனே?' என்றால் நாள் மேல் சந்தேகம். 'மதுரைக்கா போனே?' என்றால் ஊர் மேல். 'நீயா போனே?' என்றால் ஆள் மேலேயே சந்தேகம்! எ, யா, ஆ, ஓ, ஏ என்று வினா எழுத்துகளை ஐந்தாக எண்ணிக் கொடுத்திருக்கிறது நன்னூல். நாம் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போய், சொல்வதா, கேட்பதா என்று கடைசி நொடியில்கூட முடிவு செய்துகொள்ளலாம்.

இங்கிலீஷ் அப்படி விடாது. ஆள் ஒருத்தரா, பலரா? நேற்றா, இன்றா? எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுத்தான் வாயையே திறக்க வேண்டும். அந்த முதல் வார்த்தையில்தான் நமக்கு மூச்சு முட்டுகிறது.

எனக்கு முட்டிய இடம் ஒரு காட்டு வரப்பு.

பத்திரிகையில் சேர்ந்த புதிது. வானம் ஏமாற்றிய வருஷம். எங்கள் பக்கம் பெரும்பாலும் மானாவாரி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் விதைப்பு. கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. நனைந்தால் களியாகிக் காலை விடாது. காய்ந்தால் சுருங்கி, கால் நுழைகிற அளவுக்கு வெடித்துவிடும். உளுந்தும் பருத்தியும் அந்த வெடிப்புகளுக்கு நடுவே கருகி நின்றன.

சேதத்தைப் பார்க்க வெளியூரிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். ரோட்டோரம் கார்கள் நின்றன. அந்த முதல் காட்டுக்கு மட்டும் கிணறு உண்டு, கொஞ்சம் பச்சை இருந்தது. வரப்பில் நின்று பத்து நிமிஷம் பார்த்தார்கள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, 'எனி கொஸ்டின்ஸ்?' என்றார் மூத்த அதிகாரி.

என்னிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது. 'உள்ளே இறங்கிப் பார்த்தீர்களா?' அவ்வளவுதான். டிட் யூ வென்ட்? ஹேவ் யூ கோ? ஆர் யூ கான்? மூன்றையும் மனசுக்குள் வரிசையாக நிறுத்தி, எது சரி என்று யோசிப்பதற்குள் கார் கதவைச் சாத்திவிட்டார்கள்.

பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். சம்சாரி. எங்கள் ஊரில் விவசாயிக்கு அதுதான் பேர். 'ஏன் தம்பி, உள்ள எறங்கிப் பாத்தீகளான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா? எங்களுக்குத்தான் அவுக பாஷ தெரியாது. நீங்க படிச்ச பிள்ளதான?'

அன்றைக்கு நான் இலக்கணத் தப்பு ஒன்றுகூடச் செய்யவில்லை. வாயைத் திறந்தால்தானே தப்பு வரும்!

அப்புறம் ரோஷம் வந்து படித்தேன். நான் புரிந்துகொண்டதை எங்கள் ஊர் பாஷையில் சொல்கிறேன். வாக்கியத்தில் இஸ், ஆர், வாஸ், கேன், வில் என்று சொந்த மாடு நின்றால் அதையே முன்னால் பூட்டுங்கள். 'ஷி இஸ் ரெடி'... 'இஸ் ஷி ரெடி?' முடிந்தது. 'ஷி லைக்ஸ் காபி' மாதிரி சொந்த மாடு இல்லாத வாக்கியமா? 'டூ' என்ற வாடகை மாட்டைப் பிடியுங்கள். ஆளுக்கும் காலத்துக்கும் தக்கபடி அது டஸ் ஆகும், டிட் ஆகும். 'டஸ் ஷி லைக் காபி?' லைக்ஸில் இருந்த 'ஸ்' எங்கே போனது? டஸ்ஸுக்குப் போய்விட்டது.

இங்கேதான் என் பி.காம். கைகொடுத்தது. நடந்து முடிந்த காலத்தை 'டிட்'டில் ஒரு தடவை பதிவு செய்தாயிற்று. மறுபடியும் 'வென்ட்' என்று எழுதினால், ஒரே செலவை இரண்டு தடவை எழுதின மாதிரி. கணக்கு இடிக்கும். அதனால்தான் 'டிட் யூ கோ?'

இன்னொரு விஷயம் தெரிந்தபோது எனக்கு அல்ப சந்தோஷம். 400 வருஷத்துக்கு முன்னால், ஷேக்ஸ்பியர் காலத்தில், வெள்ளைக்காரர்களே இந்த 'டூ' இல்லாமலும் கேள்வி கேட்டார்கள். வினைச்சொல்லையே தூக்கி முன்னால் போட்டால் போதும். 'டூ' வைத்தும் கேட்டார்கள், வைக்காமலும் கேட்டார்கள். அது கட்டாயம் என்று ஆனதெல்லாம் பிற்பாடுதான். அவர்களுக்கே நிலைபெற நாளான சமாசாரத்தில் நாம் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறோம்.

விதி தெரிந்த பிறகும் அவசரத்தில் 'டிட் யூ வென்ட்' என்று நான் கேட்டதுண்டு. ஒரு பிரஸ் மீட்டில் அப்படிக் கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை. 'நோ, வி டிட் நாட்' என்று பதில் வந்தது. மறுநாள் அதுதான் செய்தி!

ஆஸ்பத்திரியில் டாக்டர் இங்கிலீஷில் விளக்குகிறார். பேங்கில் ஒரு ஃபாரத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். உங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. டூவா, டஸ்ஸா என்று தடுமாற்றமா? தப்பாகவே கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள். கேட்காமல் மட்டும் எழுந்து வந்துவிடாதீர்கள்.

ஊருக்குப் போகும்போது அந்த ரோட்டோரக் காட்டைத் தாண்டித்தான் பஸ் போகும். 'டிட் யூ கோ இன்சைட்?' என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். ஒரு தப்பும் இல்லாமல் வருகிறது. கேட்டிருக்க வேண்டிய கார்கள் போய்த்தான் இருபது வருஷமாகிறது.