சுமப்போர்க்கெனச் செய்த பெட்டி

ஒரு பொருளைச் செய்தல் ஒரு தொழில். செய்த பொருளைப் பழுதின்றிச் சேய்மைக்கு விடுத்தல் மற்றொரு தொழில். முன்னதைப் போற்றுவோர் பலர். பின்னதை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. யாமும் கடந்த கோடை விடுமுறையில், எம்மூராகிய கோவில்பட்டியில் ஒரு மரப்பெட்டி உருவாகக் கண்ட பின்னரே அதனை எண்ணலானோம்.

கோவில்பட்டி கரிசல் நிலத்து ஊர். மழை குன்றி வெயில் மிகுந்த அவ்வறட்சியே தீப்பெட்டித் தொழிலுக்குத் துணையாயிற்று. அத்தொழிற்குரிய பொறி ஒன்று, ஏறத்தாழ ஒன்றரை டன் எடையுள்ளது, தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியே கடல் கடந்து செல்லவிருந்தது. அதற்குப் பெட்டி செய்யும் பொறுப்பு எம் தெருவிலுள்ள முதிய ஆசாரியாரிடம் வந்தது. மாலைதோறும் யாம் அவரருகிருந்து பலகை பிடித்து உதவினோம்.

பெட்டி என்றவுடன் நாம் சுவர்ப் பலகைகளையே நினைக்கின்றோம். அவர் முதலிற் செய்ததோ அடித்தளம். நான்கங்குலச் சதுரமுள்ள மூன்று நீண்ட கட்டைகளை இணையாகக் கிடத்தி, அவற்றின்மேற் குறுக்குச் சட்டங்களைப் போல்ட்டுகளால் முடுக்கினார். பொறியின் கால்களும் அவ்வடித்தளத்தோடு போல்ட்டுகளாற் பிணிக்கப்பட்டன. ஆதலின் பாரம் முழுவதையும் அடித்தளமே தாங்கும். பக்கங்கள் ஒவ்வொன்றிலும் மூலைக்கு மூலை ஒரு சாய்சட்டம் அமைத்தார். நாற்கோணம் உந்தினாற் சாயும், முக்கோணம் சாயாது என்று நாம் நூலிற் படிப்பதை அவர் கையாற் கற்றிருந்தார். ஈரமரத்தை அவர் தீண்டவில்லை. கரிசல் மண் மழையிற் பருத்துக் கோடையில் வெடிப்பது போல, மரமும் நீருண்டாற் பருக்கும், உலர்ந்தாற் சுருங்கும்; மரம் சுருங்கினால் முடுக்கிய போல்ட்டும் தளரும்.

செலவைக் கண்ட முதலாளி ஒருநாள் வந்து, “ஆசாரியாரே, அக்கரை சேர்ந்ததும் விறகாக உடைக்கப்போகும் பெட்டிதானே! மெல்லிய பலகையில் ஆணி அடித்தாற் போதாதா?” என்றார்.

“உடைக்கிற கைக்கு முன்னே தூக்குகிற கை இருக்கிறது, அண்ணாச்சி,” என்றார் அவர்.

அவர் தம்பி சுமைதூக்கும் தொழிலாளியாயிருந்தவர். ஆணியையே நம்பிய பெட்டியொன்றின் அடி விண்டு வீழ, வலக்கை விரல் இரண்டை இழந்தவர். முதலாளி அதனை அறிவார். மறுமொழி கூறாது மரத்திற்குப் பணம் எடுத்துத் தந்தார்.

காணாத கைகளையேயன்றிக் காணாத காடுகளையும் இப்பெட்டி மதித்தல் வேண்டும். ஆசியாவிற்குரிய நீள்கொம்பு வண்டு 1996 ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துப் புரூக்ளினிற் கண்டறியப்பட்டது. சரக்குப் பெட்டிகளின் மரத்திலே அது ஒளிந்து சென்றதென்பர். அதனை ஒழிக்க ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட நேர்ந்தது. 2002 இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு விதிப்படி, இத்தகைய மரத்தின் நடுப்பகுதியும் 56 பாகை செல்சியசு வெப்பத்தில் 30 நிமிடம் இருத்தல் அதற்குரிய வழிகளுள் ஒன்று. அவ்வாறு சூடூட்டிய மரத்தாலாய எம்மூர்ப் பெட்டியும் அதற்குரிய கதிர் முத்திரையைத் தாங்கிற்று.

யாத்திராகமத்திற் கூறப்படும் உடன்படிக்கைப் பெட்டி, நம் கருவேலத்திற்கு இனமான மரத்தாற் செய்யப்பட்டதென்பர். அதற்குப் பொன் தகடு வேய்ந்ததையே யாம் இதுகாறும் வியந்திருந்தோம். சுமப்போர்க்கென வளையங்களும் தண்டுகளும் அதனோடு உடன் அமைக்கப்பட்டமை இப்பொழுதே எம் கருத்திற் பட்டது.

இறுதிநாளில் ஆசாரியார், எடையின் நடுவிடத்தையும் கயிறிடும் இடங்களையும் பெட்டியின் புறத்தே சிவப்பு மையாற் குறித்தார். தம் பெயரை எங்கும் எழுதவில்லை. நம் கல்லூரி ஆய்வுக்கூடத்திலுள்ள பெருங்கருவிகளும் இத்தகைய பெட்டிகளிலேயே வந்திருத்தல் வேண்டும். அவற்றைச் செய்தோரை நாம் அறியோம். ஆயினும் அவர்தம் நேர்மையாலன்றோ கருவியும் பழுதின்றி வந்தது, அதை இறக்கியோரும் இரு கைகளோடு இல்லம் சேர்ந்தனர்!