அளவு தெரியாதவர்கள் அனுப்பும் துணி

ஏப்ரல் 5ஆம் திகதியளவில் இலங்கையின் தென்கரைக்கு நேர் உச்சியில் நிற்கும் சூரியன், 15ஆம் திகதியளவில் யாழ்ப்பாணத்துக்கு உச்சியில் வந்து நிற்கும். அதன் பின்னர் காண்டாவனம் என்று எங்கள் ஊரார் சொல்லும் வெக்கை நாட்கள். அந்த நாட்களுக்கான உடுப்புகளைப் பங்குனி பிறந்ததும் வீட்டிலேயே தைக்கத் தொடங்குவது ஒரு காலத்து வழக்கம். வருடப்பிறப்புக்குப் புது உடுப்பும் அதுதான், வெயிலுக்கு உடுப்பும் அதுதான்.

எங்கள் வீட்டில் அது அக்காவின் வேலை. அம்மா சீதனமாகக் கொண்டுவந்த கால்மிதி சிங்கர் மெசின் அக்காவின் கைக்குப் போயிருந்தது. 1877இலேயே சிங்கர் இலங்கையில் கால்வைத்துவிட்டது என்பதால், எங்கள் பாட்டிமாரின் காலத்திலேயே அந்தப் பெயர் தையல் மெசினுக்கு மறுபெயராகிவிட்டிருந்தது. 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது மின்விசிறிகளும் நின்றன. உடலில் என்ன துணி படுகிறது என்பது அப்போதுதான் பெரிய விடயமாயிற்று. பருத்தி சாதாரண காற்றிலேயே தன் எடையில் ஏறத்தாழ 8 வீதம் ஈரத்தைத் தன்னுள் வைத்திருக்கும். பொலியெஸ்ரருக்கு அரை வீதம்கூட இல்லை. வியர்வை துணியில் ஏறாமல் தோலிலேயே நிற்கும். இந்தக் கணக்கு எதுவும் அக்காவுக்குத் தெரியாது. துணியை இரு விரல்களால் கசக்கிப் பார்த்து, "இது கொதிக்கும்" என்று ஒதுக்கிவிடுவார்.

என் தம்பி 1985இல் இலண்டனுக்குப் போனவன். அக்காவின் மூத்த மகளைக் கைக்குழந்தையாகக் கண்டவன், இளையவளைக் காணாதவன். அவன் முதலில் அனுப்பிய பொதியில் இரண்டு ஆயத்தச் சட்டைகள் இருந்தன. எப்போதோ நாங்கள் அனுப்பிய புகைப்படத்தை வைத்து அளவை ஊகித்திருக்கிறான். பொதி வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். மூத்தவளுக்கு வாங்கியது இளையவளுக்குப் பொருந்தியது. இளையவளுக்கு வாங்கியதை அயல்வீட்டுக் குழந்தை போட்டது.

அக்கா கடிதம் எழுதினார்: "தம்பி, உடுப்பு வாங்கி அனுப்பாதை. துணியா அனுப்பு. பிள்ளையள் எவ்வளவு வளந்திட்டினம் எண்டு உனக்குத் தெரியாது."

அக்கா அதைக் குறையாக எழுதவில்லை. தையற்காரியின் கணக்காகத்தான் எழுதினார். ஆனால் அந்தக் கடைசி வரியைப் படித்தபின் இரண்டு நாள் வேலைக்குப் போக மனம் வரவில்லை என்று தம்பி பல ஆண்டுகள் கழித்து என்னிடம் சொன்னான்.

1993இல் துணி வந்தது. மெல்லிய பருத்தி, வெள்ளை நிலத்தில் சிறிய நீலப்பூ. இலண்டனிலிருந்து கொழும்புக்குத் தபாலில் வந்து, தெரிந்த ஒருவரின் பையில் வவுனியாச் சோதனைகளைத் தாண்டி, இரவில் வள்ளத்தில் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வீட்டுக்கு வந்த துணி. ஆங்கிலேயர் வருடத்தில் சில வாரங்கள் மட்டும் உடுத்தும் கோடைத்துணி அது. எங்களுக்கோ வருடம் முழுவதற்கும் உரியது.

அக்கா அவசரப்படவில்லை. பருத்தி சுருங்கும். முதலில் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயப்போட்டார். பிறகு பழைய பத்திரிகையில் அளவு வெட்டினார். நான் வேலைசெய்த பத்திரிகைதான். என் கட்டுரை ஒன்றின் நடுவே கழுத்துவட்டம் விழுந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தாள் தட்டுப்பாட்டால் பத்திரிகை சிறுத்துப்போயிருந்த காலம். ஒரு பாவாடைப் பகுதிக்கே இரண்டு தாள்களைச் சோற்றுப்பசையால் ஒட்டவேண்டியிருந்தது. "உங்கட பேப்பர் ஒரு சட்டைக்கும் காணாது" என்றார். எங்கள் பத்திரிகை பற்றி அக்காலத்தில் நான் கேட்ட மிக நேர்மையான விமர்சனம் அதுதான்.

மெசின் எண்ணெய் கிடைக்காததால் தேங்காயெண்ணெய் விட்டுத்தான் மெசின் ஓடியது. அது பிசினாகி மெசின் இறுகியபோது, விளக்குக்கென வைத்திருந்த மண்ணெண்ணெயில் சில துளி செலவாயிற்று. தெறிகள் பழைய சேட்டுகளில் இருந்து வந்தன. சட்டையின் கீழே மூன்று அங்குலத்துக்கு உள்மடிப்பு. பக்கத் தையல்களிலும் ஒவ்வோர் அங்குலம் கூடுதல். பிள்ளை வளர வளர அவிழ்த்து விடுவதற்கு.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே பெயர்ந்து நடந்தபோது, மெசினின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டினோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டில் கால்மிதிச் சட்டம் இல்லை. தச்சர் ஒருவர் மேசை செய்து, வேறெங்கோ கிடைத்த சில்லைப் பொருத்திக் கொடுத்தார்.

ஏ9 பாதை திறந்த 2002இல் தம்பி முதன்முறையாக ஊருக்கு வந்தான். பதினாறு வயது மருமகளின் முன்னால் என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றான். அக்கா பெட்டியைத் திறந்து நீலப்பூச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். வெயிலில் வெளுத்த துணியின் அடிப்பாகத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று பட்டைகள். ஒவ்வொரு முறை மடிப்பு அவிழ்ந்தபோதும் உள்ளிருந்து வெளிவந்த பகுதி, வெயில் குறைவாகப் பட்டதால், மேலுள்ளதைவிட ஒரு படி நீலமாகவே இருந்தது. தம்பி அந்தப் பட்டைகளை விரலால் தடவி, "இது எந்த வருஷம், இது எந்த வருஷம்" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அக்காவும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

ஆயத்த உடுப்பை நான் பழிக்கவில்லை. 1978இல் கட்டுநாயக்கா வர்த்தக வலயம் தொடங்கிய பின்னர் உலகத்துக்கே உடுப்புத் தைத்துக் கொடுக்கும் நாடு இது. ஆனாலும் ஆயத்த உடுப்பை அன்பளிப்பாகக் கொடுக்க, பெறுபவரின் உடலைத் தெரிந்திருக்கவேண்டும். தெரியாதவர் கொடுக்கக்கூடியது துணிதான். மீதியைக் கிட்ட இருப்பவரின் கைதான் செய்யவேண்டும்.

இப்போது அக்காவுக்கு எழுபது கடந்துவிட்டது. இளைய மருமகள் ரொறன்ரோவில். வருவோர் போவோர் அன்பளிப்பாகக் கொண்டுவரும் பருத்தித் துணிகளில், அங்குள்ள பேத்திக்குக் கோடைச் சட்டை தைத்து அனுப்புகிறார். அளவுகள் தொலைபேசியில் வருகின்றன. பேத்தியை அவர் இன்னும் தூக்கியதில்லை.

"அம்மா, மடிப்பு மொத்தமாய்க் கிடக்குது. இஞ்சை ஒருத்தரும் அவிட்டுப் போடுறேல்லை. வாற வருஷம் புதுசு வாங்கலாம்" என்று போன கிழமை மருமகள் சொன்னாள்.

"ஓம் பிள்ளை, ஓம்" என்றார் அக்கா. தொலைபேசியை வைத்துவிட்டு, அளவு நாடாவை எடுத்து, அடுத்த சட்டையின் கீழே மூன்று அங்குலத்துக்குக் கோடு போட்டார்.