கழுநீரும் ஏரிநீரும்

மோட்டார்ஹோமில் ஒரு வாரம் வாழ்ந்து பார்த்தால்தான் ஒரு மனிதனுக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்பது புரிகிறது. வீட்டில் குழாயைத் திறக்கிறோம், மூடுகிறோம். வந்த வழியும் தெரியாது, போன வழியும் தெரியாது. வண்டியில் அப்படி இல்லை. நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, கழுவிய தண்ணீருக்கு ஒரு தொட்டி, கழிப்பறைக்கு அடியில் வெளியே இழுத்து எடுக்கும்படி கேசட் என்று ஒரு பெட்டி. நாம் தூங்கும்போதும் சாப்பிடும்போதும் இவை நம் காலடியிலேயே இருக்கின்றன. கதவுக்கு மேலே இருக்கும் சிறு விளக்குகள் ஒரு தொட்டி குறைவதையும் இன்னொன்று நிறைவதையும் காட்டிக்கொண்டே இருக்கும்.

நியூசிலாந்தின் தென்தீவில், கிறைஸ்ட்சர்ச்சில் வண்டியை எடுத்து, டெக்காப்போ, புக்காக்கி, ஹாவியா, வானக்கா என்று ஏரி ஏரியாகப் போய், வாக்காட்டிப்பு ஏரிக்கரையில் குயீன்ஸ்டவுனில் முடித்த பயணம் அது. நாங்கள் கல்லூரியில் ஒரே விடுதியில் இருந்த நால்வர். எங்களில் ஒருவன் ஆக்லாந்தில் குடியேறி வெகுகாலமாகிறது. நம் ஊரைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிற நாடு என்பதால் ஸ்டியரிங் பயம் யாருக்கும் இருக்கவில்லை.

டெக்காப்போவின் நீலத்தைப் படங்களில் பார்த்தவர்கள் ஏதோ சாயம் கூட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். நேரில் அது இன்னும் அழுத்தமான, பாலும் மயில்துத்தமும் கலந்த நிறம். பனியாறுகள் மலையை அரைத்து இறக்கும் கல்மாவு தண்ணீரில் மிதந்து, வெயிலைச் சிதறடிப்பதால் வருவது. கரையில் இறங்கி ஒரு எவர்சில்வர் டம்ளரில் மொண்டு பார்த்தேன். டம்ளருக்குள் நீலம் இல்லை. லேசான கலங்கல் மட்டும். இரவு முழுக்க அதை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். காலையிலும் அடியில் எதுவும் படியவில்லை. அவ்வளவு நுண்ணிய தூள். அந்த டம்ளரை நண்பர்கள் ஆளுக்கொரு முறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள்.

அந்த நாட்டில் 2011-இல் கொண்டுவந்த ஒரு சட்டப்படி, தடை இல்லாத பொது இடங்களில் காசு கொடுக்காமல் இரவு தங்கலாம். ஆனால் ஏரிக்கரை போன்ற பல இடங்களில், வண்டி தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்ளும் என்ற சான்று இருந்தால்தான் அனுமதி. அந்தச் சான்றுக்கென வகுத்த அளவு என்னை யோசிக்க வைத்தது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் தண்ணீர், அது 3 நாளைக்குத் தாங்க வேண்டும், அதே அளவு கழிவுநீரைத் தேக்கிவைக்கவும் இடம் வேண்டும். 2023-இல் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். கழிப்பறை வண்டியோடு சேர்த்துப் பொருத்தியதாக இருக்க வேண்டும், மூலையில் எடுத்து வைக்கிற சிறு கழிப்பறை செல்லாது. 4 லிட்டர் என்பது நம் சமையலில் ஒரு குக்கரையும் ஒரு வாணலியையும் விளக்கவே போய்விடும்.

புக்காக்கிக் கரையில், பைன் மரங்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தியிருந்த மாலை. தண்ணீருக்கு அப்பால், 3724 மீட்டர் உயரத்தில் அவோராக்கி சிகரம் முழுசாகத் தெரிந்தது. எங்களில் கோவைக்காரன்தான் அன்றைக்குச் சமையல். அரிசியைக் களைந்தவன் பாத்திரத்தோடு கீழே இறங்கிவிட்டான்.

“எங்க போற?” என்றான் ஆக்லாந்துக்காரன்.

“கழுநீர்டா. அந்தச் செடிக்கு ஊத்திட்டு வரேன்.”

“ஊத்தாத. சிங்க்ல ஊத்து.”

“வீட்ல மாட்டுக்கு வைப்போம், கறிவேப்பிலைக்கு ஊத்துவோம். இது என்ன சாக்கடையா?”

“சாக்கடை இல்ல மச்சான். சத்து. அதுதான் பிரச்சினை.”

கோவைக்காரன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. கழுநீரை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் அந்த ஏரிகள் வேறு மாதிரி. பனி உருகி வரும் தண்ணீரில் பாசிக்கு உணவாக அதிகம் எதுவும் இல்லை. அந்த ஏழ்மைதான் அவற்றைப் பாசி மண்டாமல் காக்கிறது. பாசிக்குப் பயப்பட அங்கே காரணமும் உண்டு. டிடிமோ என்ற வெளியூர்ப் பாசி 2004-இல் தென்தீவின் ஓர் ஆற்றில் தென்பட்டு, ஆறு ஆறாகப் பரவிவிட்டது. ஓர் ஆற்றில் நனைந்த படகையும் செருப்பையும் சோதித்து, கழுவி, காயவைத்த பிறகே இன்னொரு நீர்நிலையில் இறங்க வேண்டும் என்று கரைதோறும் பலகை வைத்திருக்கிறார்கள். வானக்கா ஏரியில் இன்னொரு நுண்பாசி சளி மாதிரி இழைவிட்டு, ஊர்க்காரர்களின் குழாய் வடிகட்டிகளை அடைத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் ஒரு சட்டிக் கழுநீர் புக்காக்கியைக் கெடுத்துவிடாது. ஆனால் அந்தக் கரையில் எங்களுக்கு முந்தின இரவும் யாரோ சமைத்தார்கள், அடுத்த இரவும் சமைப்பார்கள். கழுநீர் தொட்டிக்குப் போனது. சாம்பார் அன்றைக்கு நன்றாக அமைந்தது.

இருட்டுக்கும் அங்கே இதே கண்டிப்பு. டெக்காப்போவுக்கு மேலே மவுண்ட் ஜான் குன்றில் கான்டர்பரி பல்கலைக்கழகத்தின் வானாய்வகம் இருக்கிறது. அதற்காக அந்தச் சமவெளியில் 1980களின் தொடக்கத்திலிருந்தே தெருவிளக்குகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. 2012-இல் அந்தப் பகுதியைச் சர்வதேச இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். வண்டியின் வெளிவிளக்கை அணைத்துவிட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தோம். நம் ஊரில் தென்கோடியில் தாழ்வாகத் தேட வேண்டியிருக்கும் திரிசங்கு விண்மீன்கள் அங்கே அடிவானத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை. மாகெல்லன் மேகங்கள் எனப்படும் இரண்டு விண்மீன் மண்டலங்களையும் வெறும் கண்ணால் பார்த்தோம். கல்லூரி மொட்டைமாடியில் விடிய விடியப் பேசிய நாங்கள் அன்றைக்கு அதிகம் பேசவில்லை.

நால்வர் ஒரு சின்ன வண்டியில் இருப்பதில் உரசல் வராமல் இருக்காது. ஒருவன் எழுந்தால் இன்னொருவன் உட்கார வேண்டும், கட்டில் விரித்தால் மேசை இல்லை. குறட்டை, ஈரத்துண்டு, செல்போன் சார்ஜர் என்று சின்னச் சின்ன சண்டைகள். கேசட்டைக் கொண்டுபோய்க் கொட்டும் வேலைக்கு மட்டும் சண்டையே வரவில்லை. எங்களில் அதிகம் பேசாதவன், யாரும் சொல்லாமலேயே முதல் நாளே கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மறுமுறை நான் போனேன். விடுதி நாளில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது வாளியை எடுத்து வைத்தவனும் அவன்தான். இத்தனை வருஷம் கழித்து அது எனக்கு அங்கே, அந்த மூடியைத் திருகும்போது, முழு எடையோடு தெரிந்தது. அவனிடம் சொன்னேன். “போடா” என்றான்.

அவோராக்கி அடிவாரத்தில் ஒரு நாள் டாஸ்மன் பனியாற்றைப் பார்க்க ஏறினோம். அதிகம் போனால் அரை மணி நேர ஏற்றம். மேலே போனால் கண்ணுக்கு முன்னால் கிடப்பது பனியல்ல, சாம்பல் நிற ஏரி. 1970களின் தொடக்கத்தில் அப்படி ஓர் ஏரியே அங்கே கிடையாது. பனியாற்றின் முகப்பில் சிறு சிறு உருகுநீர்க் குட்டைகளாக இருந்தவை ஒன்றுசேர்ந்து, இன்று பல கிலோமீட்டர் நீள ஏரியாகக் கிடக்கின்றன. பிளந்து விழுந்த பனிப்பாளங்கள் அதில் மிதக்கின்றன. அழகுதான், ஆனால் பனியை உருக்கும் சூட்டில் எங்களுக்கும் பங்கு உண்டு என்பதால் ரசிக்க முடியவில்லை. கழுநீர் ஒரு சொட்டு சிந்தாமல் பொத்திப் பொத்தி வந்த எங்கள் வண்டி டீசல் வண்டி. புகைக்கு மட்டும் அதில் தொட்டி கிடையாது, அதைக் காட்டும் விளக்கும் கிடையாது. இருந்திருந்தால் கிறைஸ்ட்சர்ச்சைத் தாண்டும்போதே நிறைந்திருக்கும். இதைக் கீழே இறங்கும்போது சொன்னேன். அடுத்த முறை சிறிய வண்டி, குறைந்த தூரம், ஒரே ஏரியில் ஒரு வாரம் என்றான் ஆக்லாந்துக்காரன். பேச்சுக்குச் சொல்லவில்லை. இப்போது அந்தத் திட்டத்தைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

லிண்டிஸ் கணவாய், ஹாவியா, வானக்கா எல்லாம் மழையில் போயின. சாலையோரம் ஊதாவும் ரோஜா நிறமுமாக லூப்பின் பூக்கள் மழையில் தலைசாய்ந்து கிடந்தன. வெளியிலிருந்து வந்து ஆற்றுப்படுகைகளைப் பிடித்துக்கொண்ட செடி அது. அங்கே முட்டையிடும் காக்கி என்ற கருநெட்டைக்கால் பறவை உலகிலேயே மிக அரிதான கரைப்பறவைகளில் ஒன்று. அதற்கு இடம் குறைந்துகொண்டு வருகிறது என்று தெரிந்த பிறகு அந்தப் பூக்களோடு படம் எடுத்துக்கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் காலையில், குயீன்ஸ்டவுன் பக்கம் வண்டிக் கழிவைக் கொட்டும் டம்ப் ஸ்டேஷனில் எங்களுக்கு முன்னால் ஒரு வயதான தம்பதி. வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள். அந்த அம்மா குழாயைப் பிடிக்க, கணவர் கேசட்டை மூன்று முறை அலசி ஊற்றினார். பிறகு வடிகாலின் விளிம்பையும் சுற்றியிருந்த சிமென்ட் தரையையும் தேய்த்துக் கழுவினார். கழிவுக் குழாயால் குடிதண்ணீர்க் குழாயைத் தொட்டுவிடாதீர்கள் என்று எங்களிடம் அக்கறையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். நாங்களும் தொட்டியைத் திறந்துவிட்டோம். சாம்பார் வாசனையோடு சாம்பல் நிறத் தண்ணீர் வெகுநேரம் ஓடியது. தரையைக் கழுவினோம். பின்னால் இரண்டு வண்டிகள் காத்திருந்தன. கோவைக்காரன் குழாயைச் சுருட்டி மாட்டிவிட்டு ஓடிவந்து ஏறிக்கொண்டான்.